'பேட்டரி போச்சு' என்பது தீர்ப்பல்ல

ஓசூரில் ஒரு தெருவில் தமிழ், அடுத்த தெருவில் தெலுங்கு, ஜூஜூவாடி தாண்டி அத்திப்பள்ளி போனால் கன்னடம். ஆனால் மோட்டார் சைக்கிள் ஸ்டார்ட் ஆகவில்லை என்று எந்தக் கடை வாசலில் கொண்டு போய் நிறுத்தினாலும் கிடைக்கிற பதில் ஒன்றுதான். "பேட்டரி போச்சு சார்." "பேட்டரி போயிந்தி சார்." "பேட்டரி ஹோகிதே சார்." 1956-ல் மொழிவாரியாக மாநிலங்களைப் பிரித்தவர்களால்கூட இந்த வாக்கியத்தைப் பிரிக்க முடியவில்லை.

இந்த வாக்கியத்தை எதிர்த்துத்தான் இன்றைய பதிவு. பேட்டரி போகாது என்று நான் சொல்லவில்லை. எல்லாப் பேட்டரிக்கும் ஆயுள் உண்டு, ஒரு நாள் போகத்தான் செய்யும். ஏன் போனது என்று பார்க்காமல் புதிதை மாட்டி அனுப்புகிறார்களே, அதைத்தான் சொல்கிறேன். இது சோம்பல். பல இடங்களில் சோம்பலையும் தாண்டிய வியாபாரம்.

எங்கள் பின்வீட்டுப் பையன் மூக்கண்டப்பள்ளிப் பக்கம் ஒரு தொழிற்கூடத்தில் ஷிப்ட் வேலை பார்க்கிறான். 125 சி.சி. வண்டி, ஐந்து வயது. 14 மாதத்தில் மூன்று பேட்டரி மாற்றியிருக்கிறான். இடையில் இரண்டு முறை ஹெட்லைட் பல்பும் போயிற்று. நான்காவது முறை ராத்திரி ஷிப்ட் முடிந்து வண்டியை ஐந்து கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு வந்தான். "தாத்தா, என் ராசி அப்படி, எந்த பேட்டரியும் தங்கறதில்லை" என்றான். ராசியைப் பிறகு பார்க்கலாம், ரசீதை எடு என்றேன். மூன்று ரசீதிலும் 'பேட்டரி – 1' என்பதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. மூன்று கடைக்காரர்களில் ஒருவர்கூட மீட்டர் வைத்துப் பார்க்கவில்லை.

கடைசியில் வயதான ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் அனுப்பினேன். அவர் வண்டியை ஓடவிட்டு, ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் முறுக்கி, பேட்டரி முனைகளில் மல்டிமீட்டரை வைத்தார். 16.8 வோல்ட். பதினான்கரைக்கு மேல் போகக்கூடாத இடம் அது. பேட்டரியைக் கழற்றிக் காட்டினார், பக்கவாட்டில் உப்பியிருந்தது. போனது ரெகுலேட்டர். கையகல அலுமினியப் பெட்டி, பேட்டரி விலையைவிடக் குறைவு, மாற்ற அரை மணி நேரம். செத்தவனையே கொலைகாரன் என்று சொல்லி மூன்று முறை புதைத்திருக்கிறார்கள்.

வேலைக்குப் போகிற பிள்ளைகள் வீட்டில் இருக்கிற நம் வயதுக்காரர்களுக்காக, இதன் சங்கதியைக் கொஞ்சம் விளக்குகிறேன்.

என்ஜின் சுற்றும்போது அதோடு சேர்ந்து ஒரு காந்தச் சக்கரம் சுற்றுகிறது. அதற்குள் செம்புக் கம்பிச் சுருள் அசையாமல் நிற்கிறது. கடைப் பாஷையில் மேக்னட், காயில். அதில் உண்டாவது வீட்டு மின்சாரத்தைப் போல திசை மாறி மாறி ஓடும் ஏ.சி. பேட்டரிக்கு வேண்டியது ஒரே திசையில் ஓடும் டி.சி. அப்படி மாற்றிக் கொடுப்பது ரெக்டிஃபையர். அளவுக்கு மேல் ஏறாமல் பிடித்து வைப்பது ரெகுலேட்டர். இப்போது இரண்டும் ஒரே பெட்டிக்குள் வருகின்றன. கடைகளில் ஆர்.ஆர். யூனிட் என்பார்கள்.

நிரந்தரக் காந்தம் என்பதால், வேகம் கூடினால் உற்பத்தியும் கூடும். குறைத்துக்கொள் என்று காந்தத்திடம் சொல்ல முடியாது. தொட்டி நிறைந்த பிறகும் நிறுத்த முடியாத மோட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான சாதாரண வண்டிகளில், மிஞ்சும் மின்சாரத்தை ரெகுலேட்டர் காயிலுக்கே குறுக்குவழியில் திருப்பிவிட்டுச் சமாளிக்கிறது. அந்த வேலையில் அதற்கு ஓயாத சூடு. அதனால்தான் அந்தப் பெட்டிக்கு மேல் வரிவரியாக விசிறி போன்ற தகடுகள். காற்றுப் படும் இடத்தில் பொருத்துவதும் அதனால்தான். அந்தத் தகடுகளில் கெலமங்கலம் செம்மண் அப்பிக் கிடந்தாலோ, அதன் முன்னால் பையைத் தொங்கவிட்டாலோ, கூடுதல் விளக்குகளை மாட்டி வயரைக் கண்டபடி ஒட்டுப்போட்டாலோ, பெட்டி வெந்துபோகும்.

வெந்தால் இரண்டு விதமாகப் போகும். ஒன்று, கட்டுப்பாடு விட்டுப்போய் 16, 17 வோல்ட் ஏறும். பேட்டரிக்குள் இருக்கும் நீர் வாயுவாகப் பிரிந்து போகும், பல்புகள் பொசுங்கும். தண்ணீர் ஊற்ற வழியில்லாத சீல் பேட்டரி என்றால் உள்ளே காய்ந்து உப்பும். இரண்டு, சார்ஜே ஏறாது. வண்டி பேட்டரியில் இருப்பதைத் தின்றுகொண்டே ஓடி, தீர்ந்ததும் நின்றுவிடும். இரண்டிலும் கண்ணில் படுவது செத்த பேட்டரி மட்டுமே. புதிது போட்டால் சில வாரங்களோ சில மாதங்களோ ஓடும். அதற்குள் மெக்கானிக்கின் பேச்சு உண்மை என்று நமக்கும் நம்பிக்கை வந்துவிடும். இந்தப் பொய் இவ்வளவு நாள் பிழைத்திருப்பது இப்படித்தான்.

ஒரு காலத்தில் இதனால் பெரிய கேடு இல்லை. மைசூரில் செய்த ஜாவா, எஸ்டி வண்டிகளில் டைனமோவும் கட்-அவுட்டும் இருந்தன. கட்-அவுட்டின் மூடியைத் திறந்து முனைகளை உப்புத்தாளால் தேய்க்கத் தெரிந்தவர்கள் ஊருக்குப் பத்துப் பேர் இருந்தார்கள். 1980-ல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 மொபெட் வெளிவந்தது. 1984-ல் இங்கிருந்தே இண்ட்-சுசூகி வந்தது. பேட்டரி இறங்கினாலும் கிக்கரை உதைத்து வீடு போய்ச் சேர்ந்த காலம் அது. ஹார்ன் அடிக்காது, இண்டிகேட்டர் எரியாது, அவ்வளவுதான் நஷ்டம்.

இன்றைக்கு அப்படி இல்லை. 2017 ஏப்ரல் 1 முதல் புதிய இருசக்கர வாகனங்களில் என்ஜின் ஓடும்போதெல்லாம் ஹெட்லைட் எரிய வேண்டும் என்பது விதி. 2019-ல் 125 சி.சி.-க்கு மேற்பட்டவற்றுக்கு ஏ.பி.எஸ். பிரேக் வந்தது. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 வந்த பிறகு பெரும்பாலான வண்டிகளில் கார்புரேட்டர் போய், பெட்ரோலைப் பம்ப் வைத்துப் பீய்ச்சும் முறை வந்துவிட்டது. பல வண்டிகளில் கிக்கரையே எடுத்துவிட்டார்கள். பம்புக்கு மின்சாரம் வேண்டும், கணக்குப் போடும் கம்ப்யூட்டர் பெட்டிக்கு மின்சாரம் வேண்டும். பேட்டரி அடியோடு செத்தால் தள்ளி ஸ்டார்ட் செய்வதும் பெரும்பாலும் நடக்காது. இந்தச் சட்டங்களை நான் குறை சொல்லவில்லை, நல்ல சட்டங்கள். ஆனால் மின்சாரம் இல்லாமல் வண்டி இல்லை என்று ஆன பிறகு, மின்சாரக் கோளாறைக் கண்டுபிடிக்கும் பழக்கமும் கூடவே வளர்ந்திருக்க வேண்டும். அது வளரவில்லை.

சூளகிரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவே என்.எச். 44-ல் ராத்திரி பதினோரு மணிக்குக் கண்டெய்னர் லாரிகளுக்கிடையே ஹெட்லைட்டும் பின்விளக்கும் ஒரே நேரத்தில் அணைந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். கம்பெனிப் பேருந்து போகாத ஊர்களிலிருந்து ஸ்கூட்டரில் ஷிப்டுக்கு வரும் பெண்கள் எத்தனை பேர். ராயக்கோட்டை ரோட்டில் யானை நடமாட்டம் உள்ள பகுதியில் வண்டி நின்றால் தள்ளிக்கொண்டும் போக முடியாது. ஒரு நாள் தாமதம் என்றால் சம்பளப் பிடித்தம், வருகைப் படியும் போகும். ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் பேட்டரியோடு இந்தக் கணக்கு முடிவதில்லை.

மெக்கானிக்குகள் தரப்பையும் கேட்டிருக்கிறேன். அவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. "சார், அரை மணி நேரம் செக் பண்ணி வயர்ல கோளாறுன்னு கண்டுபிடிச்சு நூறு ரூபா கேட்டா, ஒண்ணுமே மாத்தலையே, எதுக்கு நூறுன்னு சண்டைக்கு வராங்க. அதே ஆளு ரெண்டாயிரம் ரூபா பேட்டரிக்கு மறுபேச்சு பேசறதில்லை" என்றார் ஒருவர். நாம் பொருளுக்குக் காசு கொடுப்போம், புத்திக்குக் கொடுக்க மாட்டோம். டாக்டர் மாத்திரை எழுதாமல், நன்றாகத்தான் இருக்கிறீர்கள் என்று அனுப்பினால், ஃபீஸ் தண்டம் என்று முணுமுணுக்கிற கூட்டம்தானே நாம்? கமிஷன் பேட்டரியில்தான் இருக்கிறது என்றால் கடைக்காரர் பேட்டரியைத்தான் விற்பார்.

ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இதில் பாதி நியாயம்தான் இருக்கிறது. பேட்டரி முனையில் மீட்டரை வைத்துப் பார்க்க அரை மணி நேரம் ஆகாது, இரண்டு நிமிடம் போதும். பேட்டரி விற்கும் கடையில் மீட்டர் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. இன்னும் மோசமான ஒரு பழக்கமும் உண்டு. என்ஜின் ஓடும்போதே பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, வண்டி நிற்காமல் ஓடினால் சார்ஜிங் சரி என்று முடிவு சொல்வது. பழைய வண்டிக்கே அது சரியான சோதனை இல்லை. இன்றைய வண்டியில் பேட்டரி இல்லாத நேரத்தில் மின்னழுத்தம் துள்ளி ஏறி, பல ஆயிரம் ரூபாய் கம்ப்யூட்டர் பெட்டியையே சுட்டுவிடக்கூடும். அதற்கு வாடிக்கையாளரின் கஞ்சத்தனத்தைக் காரணம் காட்ட முடியாது.

அடுத்தது தயாரிப்பாளர்கள். வண்டியோடு தருகிற புத்தகத்தைப் புரட்டிப் பாருங்கள். ஹெல்மெட் போடு, டயரில் காற்று பார் என்று பக்கம் பக்கமாக இருக்கும். வயரிங் படம் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. சார்ஜிங் எத்தனை வோல்ட் இருக்க வேண்டும் என்ற ஒற்றை வரியும் அபூர்வம். அது சர்வீஸ் மேனுவலில் இருக்கிறது, மேனுவல் டீலரிடம் இருக்கிறது, டீலர் அதை வெளியே தரமாட்டார். தெருக்கோடி மெக்கானிக் ஊகித்துத்தான் வேலை செய்ய வேண்டும். பிறகு, அங்கீகாரமில்லாத இடத்தில் பிரித்தால் வாரண்டி கிடையாது என்று அந்த மெக்கானிக்கையே குற்றவாளி ஆக்குவார்கள்.

இது என் புலம்பல் மட்டும் அல்ல. 2014 ஆகஸ்ட் 25 அன்று இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்குச் சேர்த்து ஏறக்குறைய 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரி பாகங்களையும் பழுதுபார்க்கும் கருவிகளையும் தொழில்நுட்பத் தகவலையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கொடுக்காமல் அடைத்து வைத்தார்கள் என்பதுதான் குற்றம். மேல்முறையீடுகள் தொடர்ந்தன, அது வேறு கதை. 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு குழு அமைத்தது. அதன் நான்கு துறைகளில் மோட்டார் வாகனமும் ஒன்று. அதே ஆண்டு டிசம்பர் 24, தேசிய நுகர்வோர் தினத்தன்று இதற்கென்று ஒரு இணைய வாசலும் திறந்தார்கள். அரசு வாசல் திறந்தது, சரி. கம்பெனிகள் அதில் வயரிங் படத்தைப் போட வேண்டுமே, அதற்குக் கட்டாயம் எங்கே?

பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் அந்த நாட்டுச் செய்திகளை இன்றும் படிக்கிறேன். அங்கே 2021 ஜனவரி முதல் செல்போன், லேப்டாப், டி.வி., துணி துவைக்கும் இயந்திரம், புல்வெட்டும் இயந்திரம் ஆகியவற்றில் 'ஆந்தீஸ் தெ ரெபராபிலிதே' என்று பத்துக்கு இத்தனை மதிப்பெண் ஒட்டித்தான் விற்க வேண்டும் என்று விதி கொண்டுவந்தார்கள். பழுதுபார்க்க எவ்வளவு எளிது என்பதற்கான மதிப்பெண். அதில் ஒரு பங்கு, தொழில்நுட்ப விவரத்தை எவ்வளவு தூரம் வெளியிடுகிறார்கள் என்பதற்கு. அந்தப் பட்டியலில் மோட்டார் சைக்கிள் இல்லை. நம் நாட்டில் அதைத்தான் முதலில் வைக்க வேண்டும் என்பேன். புல்வெட்டும் இயந்திரம் நின்றுபோனால் நமக்கு ஒன்றுமில்லை. இருசக்கர வண்டி நின்றால் ஒரு வீட்டின் சம்பளம் நிற்கும்.

இன்னொன்று. இது குமாஸ்தா புத்தியில் தோன்றியது. அரசு அலுவலகத்தில் காரணம் எழுதாமல் ஒரு உத்தரவு போட்டால் அது நிற்காது. மேலே போனால் முதல் கேள்வியே 'காரணம் எங்கே' என்பதுதான். 'பேட்டரி – 1' என்கிற ரசீது காரணம் இல்லாத உத்தரவு. அதனால் வாடிக்கையாளர் ஏமாறுவது ஒருபுறம் இருக்க, கோளாறின் சுவடே அழிந்து போகிறது.

எப்படி என்று சொல்கிறேன். பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவில் சுசூகி நிறுவனம் எழுபதாயிரத்துக்கும் அதிகமான மோட்டார் சைக்கிள்களைத் திரும்ப அழைத்து ரெகுலேட்டரை மாற்றிக் கொடுத்தது. உள்ளிருக்கும் மின்னணுப் பகுதி வெளித் தகட்டோடு சரியாக ஒட்டாததால் சூடு இறங்கவில்லை என்று கண்டார்கள். இப்படித் திரும்ப அழைக்கவேண்டுமானால், போனது ரெகுலேட்டர் என்று எங்கோ ஒரு காகிதத்தில் பதிவாகியிருக்க வேண்டும். நம் நாட்டிலும் 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி, பாதுகாப்புக் குறைபாடு உள்ள வாகனங்களைத் திரும்ப அழைக்க உத்தரவிடும் அதிகாரம் அரசுக்கு உண்டு. 2021 ஏப்ரல் 1 முதல் அதற்கான விதிகளும் நடைமுறையில் இருக்கின்றன. குறிப்பிட்ட எண்ணிக்கையில் புகார்கள் சேர்ந்தால் கட்டாயத் திரும்ப அழைப்பு வரும். ஆனால் ஆயிரம் ரெகுலேட்டர் போனாலும் ஆயிரம் ரசீதில் 'பேட்டரி' என்று எழுதியிருந்தால் புகார் எங்கிருந்து சேரும்? கோப்பில் இல்லாதது நடக்கவே இல்லை என்பதுதான் நிர்வாகத்தின் இலக்கணம். தெருக்கோடிக் கடையின் சோம்பல் கடைசியில் பெரிய கம்பெனிக்குக் கவசமாகிறது.

பேட்டரிக் கம்பெனியின் வாரண்டி அட்டையையும் படியுங்கள். வண்டியின் மின் அமைப்பில் உள்ள கோளாறால் கெட்டால் பொறுப்பில்லை என்று சின்ன எழுத்தில் ஒரு வரி பெரும்பாலும் இருக்கும். விற்கும்போது அந்த வரி யார் கண்ணிலும் படுவதில்லை. மாற்றித் தரக் கேட்டுப் போகும்போது மட்டும் பளிச்சென்று தெரிகிறது. பொறுப்பு இல்லை என்று எழுதத் தெரிந்தவர்கள், விற்கும் முன் வண்டியைச் சோதித்துப் பார் என்று கடைக்காரருக்கும் எழுதியிருக்கலாமே.

ஆகவே நான் கேட்பவை நான்கு. பேட்டரி விற்கும் ஒவ்வொரு ரசீதிலும் மூன்று எண்கள் வேண்டும்: என்ஜின் நிற்கும்போது எத்தனை வோல்ட், சாதாரணமாக ஓடும்போது எத்தனை, முறுக்கும்போது எத்தனை. சோதனைக்கென்று தனிக் கூலி இருக்க வேண்டும், அதை நாம் முகம் சுளிக்காமல் கொடுக்க வேண்டும். வயரிங் படமும் சார்ஜிங் அளவும் வண்டிப் புத்தகத்திலேயே அச்சாக வேண்டும். ஐ.டி.ஐ.-க்களும் இங்குள்ள வாகனத் தொழிற்சாலைகளும் சேர்ந்து தெருவோர மெக்கானிக்குகளுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் மல்டிமீட்டர் வகுப்பு நடத்த வேண்டும். இருசக்கர வண்டி செய்து நாடெங்கும் அனுப்புகிற ஊர் இது. மின்சார ஸ்கூட்டர் தொழிற்சாலைகளும் ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும் வந்துவிட்டன. அந்த ஊரில் ஒரு ரெகுலேட்டரைக் கண்டுபிடிக்க ஆள் தேட வேண்டியிருப்பது வெட்கம்.

அது நடக்கும் வரை நம் கையில் இருப்பதைச் செய்வோம். ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் சில நூறு ரூபாய்தான். டி.சி. 20 வோல்ட் இடத்தில் வைத்து, சிவப்பைப் பிளஸிலும் கறுப்பை மைனஸிலும் தொடுங்கள். சில மணி நேரம் நின்ற வண்டியில் நல்ல பேட்டரி 12.5-க்கு மேல் காட்டும். ஸ்டார்ட் செய்து நடுத்தர வேகத்துக்கு முறுக்கினால் 13.5-லிருந்து 14.5-க்குள் நிற்க வேண்டும். 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டரையும் அதன் எர்த் வயரையும் பார்க்கச் சொல்லுங்கள். முறுக்கியும் 12-லேயே நின்றால் சார்ஜ் ஏறவில்லை. அப்போது முதலில் காயிலிலிருந்து வரும் கப்ளரைப் பார்க்க வேண்டும்; பழுப்பேறி உருகியிருந்தால் பாதி வழக்கு அங்கேயே முடிந்தது. மூன்று காயில் வயர் உள்ள வண்டி என்றால், கப்ளரைக் கழற்றி வண்டியை ஓடவிட்டு, இரண்டிரண்டாக ஏ.சி. அளந்தால் மூன்றும் ஒரே அளவு காட்ட வேண்டும். காட்டினால் காயில் நல்லது, ரெகுலேட்டரை மாற்றலாம். ஒன்று குறைந்தால் காயில்தான் கோளாறு; ரெகுலேட்டரை மாற்றுவதும் தண்டம். இந்தக் கடைசிச் சோதனையை மட்டும் தெரிந்தவர் கையில் விடுங்கள்.

மாற்றும்போது அந்த வண்டிக்கென்று உள்ள ரெகுலேட்டரையே கேளுங்கள். கப்ளர் பொருந்துகிறது என்பதற்காக வேறு வண்டியுடையதை மாட்டவிடாதீர்கள். மாட்டிய பிறகு மறுபடி மீட்டரை வைக்கச் சொல்லி, அந்த எண்ணை ரசீதில் எழுதி வாங்குங்கள். எழுத மாட்டேன் என்கிற கடையில் வாங்காதீர்கள்.